அந்தக் கண்ணாடியைக் கழுவிவிட்டீர்களா?

கேள்வி: ஹாலில் ஒரு சுவருக்கு வால்பேப்பர் ஒட்டியதில் இரண்டு மீட்டர் மிஞ்சியது. ஃபிரேம் போட்டு மாட்டலாமே என்று 12-க்கு 18 அங்குலத்தில் எம்டிஎஃப் என்கிற மரத்தூள் பலகையில் மூன்று துண்டு வாங்கி, ஃபெவிகால் தடவி ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் குமிழ் குமிழாக இருக்கிறது. பலகையும் வில்லாக வளைந்துவிட்டது. எங்கே தப்பு? நடுப் படத்துக்கு ஃபிரேம் செலவில்லை. மறைந்த மாமனார் படத்தின் தேக்கு ஃபிரேம் சரியான அளவாக இருந்தது. படம் கண்ணாடியில் ஒட்டியிருந்ததால் ஓரம் மட்டும் கொஞ்சம் பிய்ந்தது. சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறேன். மாமியார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, இதிலெல்லாம் தலையிட மாட்டார்.
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: குமிழ் கிடக்கட்டும். பிய்ந்த ஓரம் இப்போது எங்கே இருக்கிறது? கண்ணாடியில்தானே? அதைக் கழுவித் துடைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, முதலில் அந்தக் கண்ணாடியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தண்ணீர் படக் கூடாது, பிளேடால் சுரண்டக் கூடாது.

போட்டோத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரக்காற்றில் அது இளகும், கண்ணாடி தொட்டுக்கொண்டிருந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். பழைய படத்தைச் சுருட்டி வைத்தால் பூச்சு விரிசல் விட்டு முகத்தின் குறுக்கே கோடு விழும். பீரோ மேலிருந்து இன்றைக்கே இறக்குங்கள். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே, பாரம் ஏற்றாமல், அது தானாக விரியும் அளவுக்கு மட்டும் வையுங்கள். இஸ்திரிப் பெட்டி பக்கமே போக வேண்டாம். படத்தையும் கண்ணாடியையும் சேர்த்து நல்ல ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனால், இரண்டையும் தனித்தனியாக ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டரில் ஒட்டுச் சேர்த்துவிடுவார்கள்.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். ஏனம்மா, புருஷன் படத்தைச் சுருட்டுவதைப் பார்த்த பிறகு அவர் என்ன சொல்ல வேண்டும்? வருகிற ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல் போய்க் குளித்துவிட்டு வந்து எந்தப் படத்துக்கு மாலை போடுவார், பீரோ உச்சிக்கா? மகனும் தப்ப முடியாது. அப்பா படம் சுவரிலிருந்து இறங்கியிருக்கிறது, ‘தலையிட மாட்டார்’ என்றால் ஷிப்ட் மேல் பழி போடாதீர்கள். ஸ்டுடியோவுக்குப் போகிற வேலை அவருடையது.

இனி பலகை. ஃபெவிகால் ஈரத்தில் தாள் உப்பியது, காயும்போது சுருங்கி பலகையை ஒரு பக்கமாக இழுத்தது. பின்பக்கமும் அதே அளவுக்கு இழுத்தால்தான் நேராக நிற்கும். ஒட்டும்போதே, மிஞ்சிய வால்பேப்பரோ அதே கனத்தில் வேறு தாளோ முதுகிலும் ஒட்டியிருக்க வேண்டும். இப்போது ஒட்டினாலும் ஓரளவு நிமிரும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் வைத்து, சமதரையில் பாரம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். 3 மி.மீ. பலகை வாங்கியிருந்தால் அடுத்த முறை 6 மி.மீ. கேளுங்கள்.

குமிழுக்குக் காரணம் அவசரம். தாளில் பசை தடவியதும் ஒட்டிவிட்டால், அது பலகை மேல் இருந்துகொண்டு உப்பும். போக இடமில்லாமல் எழும்பும். தடவி, பசைப் பக்கம் உள்ளே இருக்க மடித்து, ஐந்து நிமிஷம் ஊற விட்டு ஒட்டணும். கெட்டி ஃபெவிகாலாகப் பூசாமல் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் தள்ளுங்கள். ஆனால் எல்லா வால்பேப்பருக்கும் இது பொருந்தாது. சின்னத் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சுருண்டு உப்பினால் காகித முதுகு, ஊற வைக்கணும். அப்படியே கிடந்தால் துணி மாதிரி முதுகு. அதற்குப் பலகையில்தான் பசை தடவணும், ஊறல் வேண்டாம். இப்போதிருக்கிற சின்னக் குமிழை ஊசியால் குத்தி அழுத்துங்கள். பெரிதென்றால் டிசைன் கோட்டோரமாக பிளேடால் கீறி, ஊசியில்லாத சிரிஞ்சில் பசை விட்டு அமுக்குங்கள். மைதா பசை மட்டும் வேண்டாம், வெள்ளிப்பூச்சி வந்து டிசைனோடு தின்றுவிடும்.

வால்பேப்பருக்குக் கண்ணாடியே தேவையில்லை. போட்டே ஆகணும் என்றால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓரம் சுற்றி மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். மாமனார் படத்துக்கும் இந்த முறை அப்படித்தான், அந்தத் தேக்கு ஃபிரேமிலேயே.

உங்கள் மூன்றுக்கும் ஃபிரேம் செய்ய பீடிங், அதாவது மெல்லிய மரச்சட்டம், வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பலகையின் சுற்றளவு ஐந்து அடி. ஒரு அங்குல பீடிங்கை மூலைக்கு 45 டிகிரியில் அறுக்க இன்னும் எட்டு அங்குலம் போகும். ஆகவே படத்துக்கு ஆறு அடி, மொத்தம் பதினெட்டு. மூலைகளில் பசை வைத்து நைலான் கயிற்றால் சுற்றி இறுக்கிக் கட்டிக் காய விடுங்கள்.

பழைய ஆணி இன்னும் சுவரில் இருக்கும். ஸ்டுடியோவிலிருந்து வந்ததும் மாமனார் அதில் ஏறட்டும், மாமியார் கையால். உங்கள் மூன்றும் எதிர்ச் சுவரில், நடுவே இரண்டு அங்குலம் விட்டு.