பாம்புக் கூந்தல் கொண்ட மெதூசாவின் தலையை வீரன் பெர்சியுஸ் வெட்டும் கிரேக்கப் புராணக் கதையை 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கான ஒலி நாடகப் பாட்காஸ்டாக எடுக்கலாமா? எதில் சிக்கல் வரும்?

தாராளமாக எடுக்கலாம். ஆனால் இந்தக் கதையின் உச்சக்கட்டம் முழுக்க முழுக்கக் கண் சம்பந்தப்பட்டது. மெதூசாவை நேராகப் பார்த்தவர் கல்லாகிவிடுவார்; கேடயத்தில் பிம்பமாகப் பார்த்தால் தப்பிக்கலாம். பெர்சியுஸோ பாதாள தேவன் ஹேடிஸின் மாயத் தொப்பியைப் போட்டு மறைந்திருக்கிறான், மெதூசா தூங்குகிறாள், பேச ஆளே இல்லை. அப்படியே எழுதினால் மிஞ்சுவது காலடிச் சத்தமும், "இதோ, கேடயத்தில் தெரிகிறாள்!" என்று தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பையனும்தான். எட்டு வயதுக் குழந்தைகூடச் சிரித்துவிடும்.

வழி மூலத்திலேயே இருக்கிறது. அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்கப் புராணத் தொகுப்பில், அந்த நேரத்தில் பெர்சியுஸின் கையை வழிநடத்துபவள் அதீனா தேவி. அவளைக் குரலாக்கிவிடுங்கள். மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி, எதிரொலியே இல்லாமல், கிசுகிசுப்பாக: "இடப்பக்கம். இன்னும் ஓரடி. கேடயத்தை இறக்காதே." இவ்வளவு நெருக்கத்தில் 'ப' வரும்போதெல்லாம் காற்று மைக்கில் மோதும், அதனால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். பெர்சியுஸுக்கு வசனமே வேண்டாம், மூச்சு போதும். பின்னணியில் மெதூசாவும் அவள் சகோதரிகளுமாக மூன்று கோர்கன் அரக்கிகளும் தூங்கும் மூச்சு. அதில் ஒன்று திடீரென நின்றால் போதும், குழந்தை நிமிர்ந்து உட்காரும்.

மெதூசாவின் தலைப் பாம்புகளுக்கு வாயால் 'ஸ்ஸ்' என்று ஊதாதீர்கள், டயரில் காற்று இறங்குவதுபோல் இருக்கும். முறத்தில் அரிசியை மெல்லச் சரித்துப் பதிவு செய்து, இரண்டு மூன்று வேகங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். வெட்டும் சத்தம் தேவையே இல்லை. வெட்டுப்பட்ட அந்தக் கழுத்திலிருந்துதான் சிறகுக் குதிரை பெகாசஸ் பிறக்கிறது. வாள் வீசும் காற்றொலி, ஒரு நொடி அமைதி, பிறகு பெரிய சிறகடிப்பு. குடையைப் படபடவென்று விரித்து மூடினாலே அது கிடைத்துவிடும்.

பெர்சியுஸை அனுப்பிய பாலிடெக்டஸ் அரசன், வெட்டிய தலையைப் பார்த்துக் கல்லாகும் காட்சியில் கல் உரசும் எஃபெக்டைப் போடத்தான் எல்லோருக்கும் கை போகும். அதைவிட, சபையின் சிரிப்பைப் பாதியில் அறுப்பது பயங்கரம். ஆனால் டிராக்கை முழு மௌனமாக்கிவிடாதீர்கள். ஆப் நின்றுவிட்டது என்று நினைத்து போனைத் தட்டுவார்கள். அவன் ஆள்வது செரிஃபோஸ் தீவுதானே, கடற்காற்றை மெல்லிசாக ஓடவிடுங்கள்.

ஒலிக்கென்றே பிறந்தவர்கள், பெர்சியுஸ் வழியில் சந்திக்கும் கிரேயாக்கள். மூன்று கிழவிகளுக்கும் சேர்த்து ஒரே கண், ஒரே பல். சண்டை தானாக வந்துவிடும். மூன்று குரலும் குழம்பாமலிருக்க ஒருத்திக்கு வேகம், ஒருத்திக்கு இழுவை, ஒருத்திக்கு இருமல் என்று பிரித்துக் கொடுங்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லித் திட்டட்டும். பல் யாரிடம் இருக்கிறதோ அவள் பேச்சு மட்டும் தெளிவாக இருந்தால், சொல்லாமலே புரியும். ஒரு பகுதியில் நாலைந்து புதுப் பெயர்களுக்கு மேல் வேண்டாம்.

கதைசொல்லியாகத் தேவர்களின் தூதன் ஹெர்மிஸை வைப்பது பொருந்தும், பெர்சியுஸுக்கு உதவுபவர்களில் அவனும் ஒருவன். ஒனாசிஸ் அறக்கட்டளையின் 'லைவ் ஃப்ரம் மவுண்ட் ஒலிம்பஸ்' பாட்காஸ்ட் இதைத்தான் செய்தது.

வயதுக்கேற்ற வடிகட்டல்: மெதூசா எப்படி அப்படி ஆனாள் என்பதற்கு ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் கடல் தேவன் பொசைடனின் பாலியல் வன்முறை வருகிறது, இந்த வயதுக்கு அது ஆகாது. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட்டில் அவள் கோர்கன் சகோதரிகளில் ஒருத்தி. மூவரில் அவளுக்கு மட்டும் சாவு உண்டு. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்சியுஸின் தந்தையான தேவர் தலைவன் ஜீயஸ் பொன்மழையாக வந்ததையும் விளக்க வேண்டாம். கடலில் மிதக்கும் பெட்டிக்குள் அவன் தாய் டானாயியும் குழந்தை பெர்சியுஸும் இருக்கும் இடத்தில் தொடங்கிவிடலாம். அலைச் சத்தத்தின் கீச்சான மேல் அதிர்வெண்களை வெட்டி மந்தமாக்கினால், கேட்பவரும் பெட்டிக்குள் போய்விடுவார்.

நீளம் 15 முதல் 20 நிமிடம். முடித்த கோப்பின் சராசரி ஒலி அளவு ஸ்டீரியோவில் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். அனுப்பும் முன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மோனோவாக (இடம் வலம் பிரியாத ஒரே தடமாக) மாற்றி, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். ஸ்டீரியோவில் செயற்கையாக அகலப்படுத்திய ஒலிகள் மோனோவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாம்புகள் காணாமல் போனால் அகலத்தைக் குறையுங்கள். அதீனாவின் கிசுகிசுப்பு காற்றொலியில் அமுங்கினால் காற்றை இறக்குங்கள், அவள் குரலை ஏற்றாதீர்கள்.