வாங்க முன் கேளுங்கள்: கை எட்டும் தூரத்துக்கு எத்தனை வாட்?

கேள்வி (விசுவமடு): அண்ணா, ரொறன்ரோவில் இருக்கும் மாமா தன்னுடைய பழைய யமஹா என்எஸ்-10எம் ஸ்ரூடியோ ஸ்பீக்கர் சோடியை அனுப்பியிருக்கிறார். வீட்டு அறை ஒன்றில் கோயில் பாட்டுகளும் குறும்படங்களுக்கு இசையும் செய்கிறேன். ஸ்பீக்கருக்குள் அம்ப் (ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்) இல்லை. தேடப் போனால் மூன்று பேர் மூன்று கதை. சவுண்ட் சேர்விஸ் செய்யும் சித்தப்பா, தன்னிடம் சும்மா கிடக்கும் 1000 வாட் அம்ப்பைக் கொண்டுபோ என்கிறார். கிளிநொச்சியில் ஒரு கடையில் ஜப்பானில் இருந்து வந்த பழைய ஸ்ரீரியோ அம்ப் இருக்கிறது. கூட்டாளி ஒருவன் உள்ளங்கை அளவு அம்ப் போர்ட் ஒன்றை இணையத்தில் எடுக்கச் சொல்கிறான். 100+100 வாட் என்று போட்டிருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: தம்பி, மாமா நல்ல சாமான்தான் அனுப்பியிருக்கிறார். என்எஸ்-10 1978இல் வீட்டில் பாட்டுக் கேட்க என்று வந்த பெட்டி. வீடுகளில் பெரிதாக எடுபடவில்லை, ஒலிப்பதிவுக் கூடங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போயின. உங்களிடம் இருக்கும் ஸ்ரூடியோ வகை 1987இல் வந்தது. 2001இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பேஸ் குறைவு, நடுச்சுருதி முகத்தில் அடிக்கும். பாடகரின் குரலில் உள்ள பிழையை மறைக்காமல் காட்டுவதால்தான் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதற்கு நல்ல பெயர். இன்னொரு வசதி, உள்ளே அம்ப் இல்லாத ஸ்பீக்கருக்குக் கனடாக் கரண்ட், இலங்கைக் கரண்ட் என்ற பேதம் இல்லை. மாமா அம்ப்பையும் சேர்த்து அனுப்பியிருந்தால் 120 வோல்ட்டுக்கு வழி தேடி அலைந்திருப்பீர்கள்.

இனி வாட் கணக்கு. உங்கள் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் 90 டெசிபல் சத்தம் வரும். மேசையில் இருந்து மிக்ஸ் செய்யும்போது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் அந்த ஒரு மீற்றர்தான் இருக்கும். சின்ன அறையில் மணிக்கணக்காக வேலை செய்ய சராசரி 80 டெசிபல் போதும், அதுவே கொஞ்சம் கூடத்தான். அதற்கு வேண்டியது பத்தில் ஒரு வாட். நம்ப மாட்டீர்கள், ஆனால் கணக்கு அப்படித்தான். தவில் அடி, உடுக்குச் சத்தம் மாதிரித் திடீரென்று எழும்புவது சராசரிக்கு மேலே 20 டெசிபல் போகும் என்று வைத்தாலும் 10 வாட். அதற்கு மேல் இருப்பதெல்லாம் கையிருப்பு. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே உங்களுக்குத் தேவை பக்கத்துக்கு 30 முதல் 80 வாட் தரும், இரைச்சல் இல்லாத ஓர் அம்ப். ஸ்பீக்கர் தாங்கும் அளவாக யமஹா சொன்னது 60 வாட், உச்சம் 120.

இப்படிப் பார்த்தால் சித்தப்பாவின் அம்ப் தானாகவே கழிந்துபோகும். வற்றாப்பளைப் பொங்கலில் வீதி முழுக்கக் கேட்க வேண்டிய சாமான் அது. அறைக்குள் வைத்தால் முதலில் கேட்பது அதன் விசிறி. அடுத்தது, பாட்டு இல்லாத நேரத்திலும் ருவீற்றரில் (கீச்சுச் சத்தங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) இருந்து வரும் 'ஸ்ஸ்' சத்தம். பந்தலில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஒரு மீற்றரில் அது ரீங்காரமாக நிற்கும். அதோடு, யாராவது மைக் வயரைப் பிடுங்கும்போது வரும் ஒரு 'டொப்'பில் அந்தப் பழைய ருவீற்றர் எரிந்துவிடலாம். இந்த வகை ஸ்பீக்கரில் முதலில் போவதும் அதுதான். தயாரிப்பு நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட சாமானுக்கு எங்கே போய் ருவீற்றர் தேடுவது? சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்.

கூட்டாளி சொன்ன போர்ட்டை நான் ஒதுக்க மாட்டேன். இப்படியானவற்றில் அநேகமாக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 என்ற சிப் இருக்கும், நல்ல சிப். ஆனால் 100+100 என்பது கடதாசிக் கணக்கு. எந்த அம்ப்பும் தனக்குள் போகும் கரண்ட்டை விடக் கூடுதலாக வெளியே தராது. 12 வோல்ட் அடப்டரில் ஓட்டினால் 8 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்கு 9 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. 24 வோல்ட், 5 அம்பியர் அடப்டர் போட்டால் பக்கத்துக்கு 30 வாட் அளவில் வரும், அது உங்களுக்குப் போதும். காசு கைகடித்தால் இதையே எடுங்கள்; அடப்டரில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம், மலிவு அடப்டரின் இரைச்சல் நேரே ஸ்பீக்கரில் கேட்கும். ஒன்று கவனம்: இந்த வகை அம்ப்பில் இரண்டு பக்கக் கறுப்பு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டக் கூடாது. கட்டினால் சிப் போய்விடும்.

நானென்றால் கிளிநொச்சிக் கடைக்குத்தான் போவேன். டெனன், சன்சுயி, ஒன்கியோ, பயனியர் என்று எந்தப் பெயராக இருந்தாலும், பக்கத்துக்கு 40, 50 வாட் தரும் பழைய ஸ்ரீரியோ அம்ப் இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. விசிறி இல்லை. ஏதாவது பழுதென்றால் ரேடியோ திருத்துகிற எவரும் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம்.

கடையில் "இந்த அம்ப் என்ர ஸ்பீக்கருக்குச் சரிவருமா?" என்று கேட்டால் "ஓம்" என்பார்கள். எத்தனை ஓம் என்று திருப்பிக் கேளுங்கள். அம்ப்பின் பின்பக்கத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகில் எழுதியிருக்கும். உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம், ஆகவே 4–16 என்றோ 8–16 என்றோ இருந்தால் பயமில்லை. வேறு ஒரு 8 ஓம் சோடியையும் அதே முனையில் சேர்த்துக் கட்டினால் 4 ஓம் ஆகிவிடும். 8–16 அம்ப் அதைத் தாங்காது.

வாங்க முன் கடையிலேயே செய்யக்கூடியவை சில. ஃபோனும் ஒரு ஸ்பீக்கர் சோடியும் கொண்டுபோங்கள். மாமாவின் சோடி வேண்டாம், போனாலும் பரவாயில்லை என்கிற ஒன்று. அம்ப்பைப் போட்டதும் இரண்டு மூன்று விநாடி கழித்து உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் ஸ்பீக்கரைக் காக்கும் தானியங்கிச் சுவிட்ச், அதாவது பாதுகாப்பு ரிலே, வேலை செய்கிறது. பாட்டே போடாமல் வொலியூமைத் திருகுங்கள், கறகற என்றால் உள்ளே ஊத்தை. துப்புரவாக்கலாம், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். பிறகு ஒருவர் தனியாகப் பேசும் ஒலிப்பதிவைப் போட்டு வொலியூமை நன்றாகக் குறையுங்கள். குரல் நடுவில் நிற்க வேண்டும். பழைய அம்ப்களில் வொலியூம் அடியில் இருக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். பாட்டுக் கேட்பவருக்கு அது பெரிய விசயமில்லை. உங்களுக்கோ, எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்ற கணக்கே பிழைத்துப்போகும். கடைக்காரரிடம் மீற்றர் இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த முனைகளில் டிசி மில்லிவோல்ட் அளக்கச் சொல்லுங்கள். 50க்குக் கீழ் என்றால் சரி. நூற்றுக்கணக்கில் காட்டினால் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

இனிக் கரண்ட். ஜப்பான் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், எங்களுடையது 230. பின்பக்கத் தகட்டில் '100வி 50/60' என்று மட்டும் இருந்தால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்ரெப்டவுன் ரான்ஸ்போமர் கட்டாயம். தகட்டில் 150 வாட் என்று இருந்தால் 300 விஏ ரான்ஸ்போமர் எடுங்கள், சூடேறாது. அதை அம்ப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், 'ம்ம்ம்' என்று இரையும். எனக்கு இதில் அனுபவம் உண்டு. மழை நாள் ஒன்றில் மேசையை இடம் மாற்றிவிட்டு, அம்ப்பின் வயரை எடுத்து நேரே சுவரில் செருகினேன். உள்ளே 'டப்' என்றது, பிறகு மீன் கருகினது மாதிரி ஒரு மணம். கண்டென்சர் இரண்டு, ரான்ஸ்போமர், என்னுடைய ஒரு மாதச் சேமிப்பு, எல்லாம் அரை நிமிடத்துக்குள் போயின. அன்றிலிருந்து 100 வோல்ட் வயர் ஒவ்வொன்றின் பிளக்கிலும் சிவப்பு ரேப் சுற்றுகிறேன். வீட்டில் அம்மா கூட்டித் துடைத்துவிட்டு நல்ல மனதோடு செருகிவிடுவார், நீங்களும் சுற்றுங்கள்.

இணைப்பது சுலபம். கொம்பியூட்டரின் ஒலியை வெளியே எடுத்துத் தரும் ஓடியோ இன்ரர்பேஸின் பின்பக்கம் இருக்கும் கால் அங்குல ஓட்டையில் மோனோ ஜாக், மறுமுனையில் ஆர்சிஏ, இரண்டு பக்கத்துக்கு இரண்டு வயர். அம்ப்பில் 'ஓக்ஸ்' அல்லது 'சிடி' துளை. 'ஃபோனோ' என்று இருப்பது இசைத்தட்டுக்கு, அதில் செருகினால் சத்தம் சிதறும். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பேஸும் ட்ரெபிளும் நடுவில் நிற்கட்டும். அம்ப்பைக் கடைசியாகப் போட்டு முதலாவதாக நிறுத்த வேண்டும். அந்த ஒழுங்கு மாறினால் கொம்பியூட்டர் எழும்பும் 'டொப்' நேரே ருவீற்றருக்குப் போகும்.

கேள்வி (மல்லாவி): அம்ப், ஸ்பீக்கர், லப்டொப் எல்லாம் சரி. லப்டொப் சார்ஜரைச் செருகினால் மட்டும் ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது. எர்த்தைக் கழற்றினால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். கழற்றலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். இரைச்சல் போகும், ஒரு நாள் உயிரும் போகும். எங்கள் வீடுகளில் சதுர முள்ளுப் பிளக் துளையின் எர்த் ஓட்டைக்குள் பேனை மூடியைச் செருகி, இரண்டு முள்ளுப் பிளக்கை ஏற்றும் பழக்கம் வேறு இருக்கிறது. அதையும் விடுங்கள். லப்டொப், இன்ரர்பேஸ், அம்ப் மூன்றையும் வேறு வேறு சுவர்த் துளைகளில் செருகாமல் ஒரே நீட்டு வயர்ப் பலகையில் செருகிப் பாருங்கள். அநேகமாக முக்கால்வாசி குறையும். மிச்சம் இருந்தால் இன்ரர்பேஸுக்கும் அம்ப்புக்கும் நடுவில் போடும், இரைச்சலைத் தடுக்கும் சின்ன ஐசொலேற்றர் ஒன்று வாங்கலாம். வீட்டில் எர்த் கம்பி ஒழுங்காக நிலத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்பதையும் ஒரு வயரிங்காரரைக் கொண்டு பார்ப்பியுங்கள். மீள்குடியேறி அவசரத்தில் கட்டிய வீடுகளில் இது பல இடத்தில் பெயருக்குத்தான் இருக்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை நிறுத்துவதோடு விடாமல் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

கேள்வி (வவுனியா): அண்ணா, இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. அம்ப் தனி, ஸ்பீக்கர் தனி என்று அலைய வேண்டுமா, அல்லது அம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரை எடுக்கலாமா?

பதில்: ஒன்றும் வாங்காதவருக்கு, தங்கச்சி, உள்ளே அம்ப் இருப்பதே நல்லது. யமஹா எச்எஸ்5 மாதிரியானவற்றில் பேஸ் தரும் பெரிய கோனுக்கு ஓர் அம்ப், ருவீற்றருக்கு ஓர் அம்ப், இரண்டும் அந்தப் பெட்டிக்கென்றே செய்தவை. ஓம் பொருத்தம், வாட் பொருத்தம் எல்லாவற்றையும் தொழிற்சாலையே பார்த்துவிட்டது. மேலே தம்பிக்கு எழுதியது, மாமா அனுப்பிய சோடி கையில் இருப்பதால். ஒரு குறை சொல்ல வேண்டும்: உள்ளிருக்கும் போர்ட் போனால் இங்கே பக்கத்தில் திருத்த ஆள் கிடைப்பது கடினம், கொழும்புக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும். அதனால் உத்தரவாதம் தரும் கடையில், புதிதாக வாங்குங்கள். உங்கள் அறைக்கு மேலே தகரமா, ஓடா? தகரமென்றால் ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சத்தை எடுத்துப் பின்சுவருக்குப் பழைய மெத்தையும் சாக்கும் கட்டுங்கள், அதன் பலன் உடனே கேட்கும்.

கேள்வி (முள்ளியவளை): புது அம்ப் வாங்கி ஆறு வாரத்தில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. பில் தரவில்லை, இப்போது கடைக்காரர் தெரியாது என்கிறார்.

பதில்: பில் கேட்டால் கடைக்காரர் கொடுக்கத்தான் வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீங்கள் கேட்காமல் விட்டதுதான் சிக்கல். காசை வங்கி வழியாகவோ கார்ட்டிலோ கட்டியிருந்தால் அந்தத் துண்டு, கடைக்காரரோடு ஃபோனில் எழுதிக் கதைத்த செய்திகள், பெட்டியில் ஒட்டியிருக்கும் இலக்கம், எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அந்த அதிகாரசபைக்கு முறைப்பாட்டை விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவர்களின் 1977 என்ற ஃபோன் இலக்கத்துக்கு எடுத்து எங்கே, எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள். அதற்கு முன் ஒரு வேலை: அம்ப்பின் பின்பக்கத்தில் இடது வலது ஸ்பீக்கர் வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஊமை மற்றப் பக்கத்துக்கு மாறினால் பழுது அம்ப்பில் அல்லது அதற்கு வரும் வயரில், மாறாவிட்டால் ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். தெரியாமல் கடைக்காரரோடு சண்டைக்குப் போகக் கூடாது.

கேள்வி (மாங்குளம்): ஸ்பீக்கருக்கென்று விசேட வயர் மீற்றருக்கு ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். வேண்டுமா?

பதில்: வேண்டாம். வயரிங் கடையில் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு இரட்டை வயர் கேளுங்கள். 3 மீற்றர் தூரத்துக்கு, போய் வர, அதன் தடை 0.07 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் வெட்டி, சிவப்பைச் சிவப்புக்கும் கறுப்பைக் கறுப்புக்கும் கொடுங்கள். முடித்ததும் ஓர் ஆண்குரலைப் போட்டு நடுவில் இருந்து கேளுங்கள். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், அடித்தொண்டை காணாமல் போயிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் திருப்பிப் போடுங்கள்.