காரணமே சொல்லாமல் நம் வண்டியைப் போலீஸ் நிறுத்தலாமா?

நிறுத்தலாம். சீருடையில் உள்ள போலீஸ்காரர் கை காட்டினால், நீங்கள் எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பொது இடத்தில் வண்டி ஓட்டும் யாரிடமும் சீருடை அணிந்த எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸ் கேட்கலாம் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு. சந்தேகம் இருந்தால்தான் கேட்கலாம் என்ற நிபந்தனை அதில் இல்லை. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் போலீசாரின் உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 119-வது பிரிவு தனியாகச் சொல்கிறது. மீறினால் 179-வது பிரிவு, அபராதம் 2,000 ரூபாய் வரை.

இதற்கு நேர்மாறாக வாட்ஸ்அப்பில் சுற்றுபவற்றில் பாதி அமெரிக்கச் சட்டம். லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும், எந்தச் சந்தேகமும் இல்லாமல், ஒரு காரைத் தனியாக ஓரங்கட்டக்கூடாது என்று 1979-ல் தீர்ப்புச் சொன்னது அந்த நாட்டு உச்ச நீதிமன்றம். அது நம் ஊர் பாரிகேட் முன்னால் செல்லாது. இன்னொன்று, 'எஸ்.ஐ.க்குக் கீழே இருப்பவர் வண்டியை நிறுத்தவே முடியாது' என்பது. 132-வது பிரிவைப் பாதி படித்ததால் வந்த வினை இது. எஸ்.ஐ. அந்தஸ்து அங்கே பேசப்படுவது விபத்தில் சிக்கிய வண்டியை நிறுத்தி வைப்பது பற்றித்தான். சாதாரணச் சோதனையில் கான்ஸ்டபிள் கை காட்டினாலும் நிறுத்த வேண்டும். மப்டியில் ஒருவர் வந்து லைசென்ஸ் கேட்டால் மட்டும் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். 130-வது பிரிவு சீருடையைக் குறிப்பிட்டே பேசுகிறது.

ஆகவே 'ஏன் நிறுத்தினீங்க சார்?' என்று மல்லுக்கட்டுவதில் பிரயோஜனம் இல்லை. கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் மின்னணு வடிவில் காட்டலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 139 சொல்கிறது. அரசு ஆப்களான டிஜிலாக்கரையோ எம்-பரிவாகனையோ திறந்து காட்டினால் போதும். கேலரியில் இருக்கும் போட்டோவைக் காட்டினால் அது செல்லாது, வாக்குவாதம்தான் மிஞ்சும். சிக்னல் கிடைக்காத நெடுஞ்சாலைகளில் இது அடிக்கடி நடக்கிறது. கிளம்பும் முன்பே ஆப்பில் ஆவணங்களைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊதச் சொல்வது வேறு கதை. குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும் என்கிறது 203-வது பிரிவு. நடைமுறையில் இரவு பாரிகேட்டில் வருகிற எல்லோரையும்தான் ஊதச் சொல்கிறார்கள். அங்கே பிரிவு எண் சொல்லி வாதாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுத்தால், வாடை அடிக்கிறது என்பதையே காரணமாக்கி வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். மறுத்ததே வழக்கில் உங்களுக்கு எதிராகவும் நிற்கும். ஊதுங்கள், ஆனால் புதுக் குழாய் மாட்டச் சொல்லுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கொப்பளித்த உடனே ஊதினால் அளவு எகிறும்; கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வையுங்கள் என்று கேளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் வழக்கு. அளவில் சந்தேகம் என்றால் ரத்தப் பரிசோதனைக்கு வற்புறுத்துங்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதித்தாக வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. இந்தக் குற்றத்துக்கு அங்கேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் வசதி கிடையாது. 'இங்கேயே முடிச்சுக்கலாம்' என்று யாராவது சொன்னால் அது லஞ்சப் பேச்சு.

டிக்கியைத் திறக்கச் சொன்னால்? 130-வது பிரிவு காகிதத்தைப் பார்க்க மட்டுமே அதிகாரம் தருகிறது, வண்டியைக் குடைய அல்ல. அதற்கு வேறு சட்டம் வேண்டும். உதாரணமாக, கஞ்சா இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் போதைப்பொருள் சட்டத்தின்படி பொது இடத்திலேயே சோதிக்கலாம். உடம்பைச் சோதிப்பதானால் மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் செய்யும்படி கேட்கும் உரிமை உண்டு. கையில் உள்ள பையைச் சோதிப்பதற்கும் வண்டியைச் சோதிப்பதற்கும் அந்த உரிமை நீளாது. பெண்களைப் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் படி சோதனையை வீடியோ எடுப்பதும் கட்டாயம்.

நிறுத்திய கையோடு சாவியைப் பிடுங்கலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. வண்டியைப் பிடித்து வைக்க இடம் தரும் 207-வது பிரிவு சொல்லும் காரணங்கள் சில மட்டுமே: லைசென்ஸ் இல்லாமை, வயது குறைவு, பதிவு இல்லாமை, பெர்மிட் இல்லாமை. ஹெல்மெட் போடாததற்கு அபராதம் 1,000 ரூபாய், லைசென்ஸையும் வாங்கி வைக்கலாம், ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக வண்டியைத் தூக்க இந்தப் பிரிவு இடம் தரவில்லை. லைசென்ஸை வாங்கிக்கொண்டால் தற்காலிக ரசீது தர வேண்டும். லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை அல்லது ரசீதில் குறித்த தேதிவரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, அந்த ரசீதை வைத்தே ஓட்டலாம். பலர் இதைக் கேட்டு வாங்காமல் வந்துவிட்டு, அடுத்த சோதனையில் லைசென்ஸ் இல்லாதவராக நிற்கிறார்கள்.

நிறுத்தாமல் தப்பி ஓடியவரைத் துரத்திப்போய் வண்டியைத் தள்ளும் அதிகாரம் போலீசுக்கும் கிடையாது. 2018 மார்ச்சில் திருச்சி அருகே ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திச் சென்று பைக்கை உதைத்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தில் பின்னால் இருந்த பெண் இறந்தார். அந்த இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். நம்பரைக் குறித்துக்கொண்டு இ-செலான் அனுப்பினால் போதுமானது.