ரிங் தியரியை விட்டுவிடட்டுமா?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்; ஆபரேஷனும் கீமோவும் முடிந்து இப்போது மாத்திரையில் இருக்கிறார். கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அல்ஜீப்ரா பாடத்தின் ஐடியல் கணக்குப் போட்டேன், வெட்கமாக இருந்தது. யாருக்கும் உதவாத ரிங், மாட்யூல் என்ற இந்த அல்ஜீப்ராவை விட்டுவிட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போய்விடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்பு மகளே,

முதலில் அந்த வெட்கத்தைப் பற்றி. அம்மா பக்கத்தில் இருந்தாய் அல்லவா? கையில் என்ன நோட்டு இருந்தது என்பதையா அவர் பார்த்திருப்பார்? அதை மனதிலிருந்து எடுத்துவிடு.

இனி உன் கேள்வி. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போ. அல்ஜீப்ராவையும் கூடவே எடுத்துக்கொண்டு போ. ‘யாருக்கும் உதவாதது’ என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பயாப்ஸி சதையை மெல்லிய சீவலாக எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடி ஸ்லைடில் வைக்கிறார்கள். அதில் நோயெதிர்ப்புச் செல்கள் இருக்கும் இடங்களைப் புள்ளிகளாக நினைத்துக்கொள். அவை கட்டிக்குள் நுழைந்துவிட்டனவா, வெளியே வேலி மாதிரி சுற்றி நிற்கின்றனவா என்பது முக்கியமான கேள்வி. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் போடு. எல்லா வட்டங்களையும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கு. அவை ஒன்றையொன்று தொட்டு, நடுவில் ஓட்டை விட்டு, வளையல் போல இணையும். இன்னும் பெரிதாக்கினால் ஓட்டை மூடிவிடும். எந்த ஆரத்தில் ஓட்டை பிறந்தது, எந்த ஆரத்தில் மறைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு வரை. வேலி கட்டி நிற்கும் செல்களுக்கு நீளமான கோடு கிடைக்கும்.

இப்போது உன் வகுப்புக்கு வா. மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் முடிகிற தொகுப்பு ரிங்; பூச்சியம் தவிர எதாலும் வகுக்கவும் முடிந்தால் அது ஃபீல்டு; ஒரு ரிங்கின் உறுப்புகளால் பெருக்க முடிகிற தொகுப்பு மாட்யூல்; ரிங்குக்குள்ளேயே இருக்கும் அப்படிப்பட்ட தொகுப்பு ஐடியல். ஆரத்தை ஒரு படி கூட்டுவதை ‘எக்ஸ்-ஆல் பெருக்குவது’ என்று வைத்துக்கொள். அந்த ஓட்டைகள் எல்லாம் சேர்ந்து, ஒரு ஃபீல்டின் மேல் ஒரு மாறி கொண்ட பல்லுறுப்புக்கோவைகளின் ரிங்குக்கு ஒரு கிரேடட் (படிவாரியாக அடுக்கிய) மாட்யூல் ஆகிவிடுகின்றன. 2005-இல் அஃப்ரா சோமோரோடியனும் குன்னர் கார்ல்சனும் இதைக் காட்டினார்கள். அந்த ரிங் ஒரு பி.ஐ.டி.; அதாவது அதன் ஒவ்வொரு ஐடியலையும் ஒரே உறுப்பு உருவாக்கிவிடும். ஆகவே அதன் மேல் அமைந்த, முடிவுறு எண்ணிக்கையில் ஜெனரேட்டர் (உருவாக்கும் உறுப்பு) கொண்ட மாட்யூல் நேர்க்கூட்டலாகப் பிரிகிறது. ஆயுள் முடிகிற ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு டார்ஷன் துண்டு (எக்ஸ்-ஆல் போதிய தடவை பெருக்கினால் பூச்சியமாகிவிடும்), கடைசிவரை மூடாதது ஃப்ரீ துண்டு. முடிவுறு அபீலியன் குரூப்பைப் பிரிக்கவும் ஜோர்டான் வடிவம் காணவும் நீ தேர்வில் எழுதிய அதே தேற்றம்தான் இது!

ஸ்லைடில் வழிதவறிய செல்களும் இருக்கும். வேலிக்கு நடுவே ஒற்றைச் செல் கிடந்தாலே கோடு குட்டையாகிவிடும். அதனால் ஆரத்தோடு செல்களின் அடர்த்தியையும் இரண்டாவது அளவாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. மாறி இரண்டானதும் ரிங் பி.ஐ.டி. இல்லை; தேற்றம் கைவிட்டுவிடுகிறது, கோடுகளாகப் பிரிக்க வழியில்லை. தேற்றம் எங்கே உடைகிறதோ அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் இருந்த ஒரு குழு, இரண்டு மாறி மாட்யூல்களிலிருந்து கணக்கிடக்கூடிய அளவுகளை எடுத்து, தலை–கழுத்துப் புற்றுக்கட்டிகளில் நோயெதிர்ப்புச் செல்கள் பரவியிருக்கும் விதத்தை ஆராய்ந்தது. வாய்ப்புற்று இத்தனை பேரைப் பிடிக்கிற நம் நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு தவிப்பு.

ஆனால் உன்னை ஏமாற்றக் கூடாது. இது மருந்தல்ல, பார்க்கும் ஒரு வழி, அதுவும் மிகக் குறுகிய வழி. மாட்யூல் தெரிந்தால் மட்டும் ஆய்வகத்தில் உன்னை யாரும் தேடப்போவதில்லை. ஆல்ஃபிரட் நட்சனை நினைத்துப் பார். குழந்தை மருத்துவர். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்று வந்த 48 குழந்தைகளின் விவரங்களை எடுத்துக்கொண்டு, எந்த வயதில் நோய் தெரிந்தது என்று வரைபடம் போட்டார். இரண்டு கண்ணிலும் வந்தவர்களுக்கு ஒருவித வளைவு, ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்கு வேறுவிதம். பரம்பரையாக வருவதில் மரபணுவில் ஒரு அடி, அதாவது ஒரு பழுது, பிறக்கும்போதே விழுந்துவிடுகிறது, மற்றதில் இரண்டு அடியும் பிறகுதான் விழ வேண்டும் என்று 1971-இல் எழுதினார். 1986-இல் அந்த மரபணு கையில் கிடைத்தது. அவர் பயன்படுத்திய கணிதம் பி.எஸ்சி. அளவுதான். எந்தக் குழந்தையிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, அதுதான் பெரிது.

அதனால் எம்.எஸ்சி.யை முடி. கூடவே செல் உயிரியலையும் மூலக்கூறு உயிரியலையும் முதலாமாண்டு மாணவி போல அடியிலிருந்து படி. புள்ளியியலையும் பைத்தான் நிரல்மொழியையும் தள்ளிப்போடாதே; தினசரி வேலை அவற்றில்தான் நடக்கும். அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்பான டி.சி.ஜி.ஏ.வில் 33 வகைப் புற்றுகளின் தரவு இருக்கிறது, அதில் பெரும்பகுதியை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பி.எச்டி.க்குச் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைப் பார். கணிதத்தோடு கணக்கீட்டு உயிரியலும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. விண்ணப்பிக்கும் முன் ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் அனுமதி கேட்டு, ஒரு மாதம் மைக்ரோஸ்கோப் பக்கத்தில் உட்கார். முதல் வாரம் எல்லாம் ஊதா நிறமாகத்தான் தெரியும். பரவாயில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் ரிப்போர்ட்டை உன் ஆராய்ச்சிப் பொருளாக்காதே. அதை அவருடைய டாக்டர் பார்க்கட்டும். நீ மகளாகவே கூடப் போ.

அதுவரை ஒரு கணக்கு: இரண்டு மாறி ரிங்கில் எக்ஸும் ஒய்யும் சேர்ந்து உருவாக்கும் ஐடியலை மாட்யூலாக எடுத்துக்கொள். இரண்டு ஜெனரேட்டர் வேண்டும், ஆனாலும் அது இரண்டு துண்டாகப் பிரியாது. ஏன் என்று எழுதி அனுப்பு. எந்த இரண்டு பூச்சியமல்லாத துணை மாட்யூல்களும் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்தால் நாலு வரியில் முடிந்துவிடும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.