பிஎஸ்பி, நிண்டெண்டோ டிஎஸ்: திறன் கூடிய கருவி விற்பனையில் தோற்றது ஏன்?

சோனியின் பிஎஸ்பி, நிண்டெண்டோவின் டிஎஸ் இரண்டும் கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவிகள். திறன் கூடிய பிஎஸ்பி விற்பனையில் தோற்றது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். 2008-ல் தக்கலையில் எங்கள் தெருவுக்கு வந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பையன்கள் சிரித்திருப்பார்கள். எங்களைப் பொறுத்தவரை தோற்றது டிஎஸ்தான்.

அந்த வருஷம் சித்தப்பா தம்மாமிலிருந்து லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு பிஎஸ்பி கொண்டுவந்தார். இரண்டு மாதம் கழித்து மாமாவும் ஷார்ஜாவிலிருந்து வந்தார். டாங் பவுடருக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே அவர் பெட்டியில் மாமி மகனுக்கு ஒரு டிஎஸ் லைட். கூட இரண்டே கேசட்: ஒன்று மரியோ கார்ட், இன்னொன்று 'பிரெயின் ஏஜ்'. மூளைக்கு நல்லது என்று கடைக்காரர் தலையில் கட்டிவிட்டாராம்.

இரண்டையும் திண்ணையில் வைத்துப் பார்த்தபோது போட்டியே இல்லை. பிஎஸ்பியில் 4.3 அங்குல அகலத் திரை. வீட்டு டிவியில் பிளேஸ்டேஷன் 2 ஓடுகிற தரத்துக்குக் கிட்டத்தட்ட காட் ஆஃப் வார் கையில் ஓடியது. கடலோரத்து ஊர்களில் கால்பந்து என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டத்திலிருந்து வரும் நண்பன் ஒருவன் கால்பந்து கேம் ஆடுவதற்காகவே பஸ் ஏறி வருவான். டிஎஸ் பக்கம் யாரும் திரும்பவில்லை. மாமி மகனே என் வீட்டில்தான் கிடப்பான்.

என்னிடம் நாற்பது கேமுக்கு மேல் இருந்தன. மார்த்தாண்டத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் மெமரி ஸ்டிக்கைக் கொடுத்தால் ஒரு கேமுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு ஏற்றித் தருவார்கள். சித்தப்பா வாங்கிவந்த ஒரே ஒரு யுஎம்டி டிஸ்க்கை (பிஎஸ்பி கேம் வரும் குட்டி டிஸ்க்) தவிர நான் காசு கொடுத்து ஒரு டிஸ்க்கும் வாங்கியதில்லை. எங்கள் தெருவில் பிஎஸ்பி 'ஜெயித்த' லட்சணம் இதுதான். அதில் கேம் செய்த கம்பெனிகளுக்கு எங்களால் ஒரு பைசா போகவில்லை. (டிஎஸ்ஸுக்கும் ஆர்4 என்ற திருட்டு கார்டு இருந்தது, ஜப்பானில் கோர்ட் வரை போனது. எங்கள் கடைக்காரருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.)

வெளியே கணக்கு வேறு. இரண்டும் 2004 கடைசியில் சில வாரங்கள் இடைவெளியில் வந்தவை. அமெரிக்காவில் டிஎஸ் 150 டாலர், அடுத்த மார்ச்சில் அங்கே இறங்கிய பிஎஸ்பி 250 டாலர். கடைசியில் டிஎஸ் 15.4 கோடி விற்றது, பிஎஸ்பி சுமார் 8 கோடி. நிண்டெண்டோ அல்லாத வேறு எந்தக் கைக்கருவியும் பிஎஸ்பி அளவுக்கு விற்றதில்லை என்பதால், அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வராது. ஆனால் டிஎஸ்ஸுக்கு விற்ற கேம்கள் மட்டும் 94 கோடிக்கு மேல். கருவி ஒன்றுக்கு ஆறு கேம் என்று வையுங்கள். அதில் நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 கோடி, நாய்க்குட்டி வளர்க்கும் நிண்டெண்டாக்ஸ் 2.4 கோடி, நாங்கள் கேலி செய்த பிரெயின் ஏஜ் 1.9 கோடி.

இந்தக் கடைசி எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவைத்தது மாமிதான். ரிட்டயர்டு கணக்கு டீச்சர். மகன் தூக்கிப் போட்ட டிஎஸ்ஸை ஒரு மழை நாளில் எடுத்தவர், எழுதுகோலால் திரையிலேயே விடை எழுதலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். கூட்டல் பெருக்கலில் எங்களை ஊதித் தள்ளினார். ஆனால் அதில் ஒரு சோதனை உண்டு: திரையில் வரும் எழுத்தின் நிறத்தை ஆங்கிலத்தில் வாயால் சொல்ல வேண்டும். மாமி "ப்ளூ" என்பார். அது கேட்காது. மறுபடி "ப்ளூ!" கடைசியில் மூளை வயது எண்பது என்று காட்டியது. "மக்களே, இதுக்குக் காது அடைச்சிருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கு" என்று என்னிடம் நீட்டினார். நான் சொல்லியும் கேட்கவில்லை. அமெரிக்கா, இங்கிலாந்திலும் இதே புகார்தான் என்று பின்னாளில் படித்தேன்.

மாமி கையில் பிஎஸ்பியைக் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்க மாட்டார். அதில் அவருக்கு என்ன இருக்கிறது? பிஎஸ்பி ஏற்கெனவே கேம் ஆடுகிற பையன்களுக்கு வந்த கருவி, டிஎஸ் அவர்கள் அம்மாவையும் சேர்த்துப் பிடித்தது. ஜப்பானிலும் பிரெயின் ஏஜை வாங்கியவர்களில் வயதானவர்கள் ஏராளம். பேட்டரியும் ஒரு காரணம். மின்வெட்டுக் காலத்தில் என் பிஎஸ்பி நாலைந்து மணி நேரத்தில் படுத்துவிடும். மாமியின் டிஎஸ் நாள் முழுக்க விழித்திருக்கும். 1990-களில் சேகா கம்பெனியின் கேம் கியர் கைக்கருவி கலர் திரையோடு வந்து, நிண்டெண்டோவின் கறுப்பு வெள்ளை கேம் பாயிடம் அடிவாங்கியதும் பாதி இதனால்தான்.

பிஎஸ்பிக்கு நல்ல கேம்கள் இல்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஜப்பானில் மான்ஸ்டர் ஹன்டர் அதைத் தூக்கி நிறுத்தியது. 2010-ல் வந்த மூன்றாவது பாகம் 48 லட்சத்துக்கு மேல் விற்றது. நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் சேர்ந்து வேட்டையாட வேண்டிய கேம் அது, அதனால் ஒருவன் வாங்கினால் கூட்டாளி மூவரும் வாங்கியாக வேண்டும். நானும் இருபது ரூபாய்க்கு ஏற்றினேன். தக்கலையில் இன்னொரு பிஎஸ்பி எங்கே இருக்கிறது? அந்தப் பல்லிப் பூதத்தோடு தனியாக மல்லுக்கட்டி, 'என்ன கேம்டா இது' என்று அழித்துவிட்டேன்.

அடுத்த சுற்றில் நிண்டெண்டோ அந்தத் தொடரையே தன் பக்கம் இழுத்தது. 2011 தொடக்கத்தில் 25,000 யென்னுக்கு இறங்கிய, டிஎஸ்ஸின் வாரிசான 3டிஎஸ் தடுமாறியதும், ஆறு மாதத்துக்குள் 15,000-க்குக் குறைத்தார்கள். பிஎஸ்பியின் வாரிசாக சோனியின் வீட்டா வந்தபோது மான்ஸ்டர் ஹன்டர் 3டிஎஸ்ஸில் இருந்தது. போதாக்குறைக்கு வீட்டாவுக்குத் தனி மெமரி கார்டு, அதுவும் யானை விலை. அப்புறம் எங்கள் தெருவில் எல்லார் கையிலும் ஆண்ட்ராய்டு போன் வந்துவிட்டது, யாரும் ஷார்ஜாவிலிருந்து கேம் பெட்டி கேட்கவில்லை.

கேள்வியின் கடைசியில் பழைய பிஎஸ்பி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். பின்மூடியைத் திறந்து பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என்னுடையது மூடியையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.