ஒரே கண்மாய், இரண்டு எம்.பி.

வணக்கம் அண்ணா,

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊர். சிங்கப்பூரில் துவாஸில் வேலை பார்க்கிறேன். தங்கையைப் பக்கத்து ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஒரே கண்மாய்த் தண்ணீர், ஒரே கோயில் திருவிழா. ஆனால் எம்.பி. தேர்தல் வந்தால் நாங்கள் சிவகங்கைத் தொகுதி, அவர்கள் திருச்சி. தொகுதி மறுவரையறை, அதாவது தொகுதி எல்லைகளை மாற்றி வரைவது என்றாலே, அறையில் எல்லோரும் மக்களவையில் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் என்றுதான் பேசுகிறார்கள். எங்கள் ஊர் விஷயம் அவ்வளவு சின்னதா?

வாசகர், துவாஸ்

அன்புள்ள தம்பி,

சின்ன விஷயமே இல்லை. எத்தனை இடம் என்று பேசப் பலர் இருக்கிறார்கள். கோடு எங்கே விழுகிறது என்று பேச ஊர்க்காரர்களை விட்டால் ஆளில்லை.

2004 தேர்தல் வரை புதுக்கோட்டை தனி மக்களவைத் தொகுதி. 2008 மறுவரையறையில் அது இல்லாமல் போனது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். நம் மாவட்டத்தில் இருப்பதும் சரியாக ஆறு! அதை நான்காகப் பிய்த்ததை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததே, அப்போதுதான் இது எனக்கு உறைத்தது. அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். சாய்ந்த தென்னைகளை அறுக்க ஆள் கிடைக்காமல், அத்தை தோப்புப் பக்கம் போவதையே விட்டிருந்தார். ஆலங்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கி எல்லாவற்றுக்கும் ஒரே அடி. ஆனால் மனுவை மூன்று எம்.பி.க்களிடம் கொண்டு போக வேண்டும். மூன்று தொகுதியிலும் நாம் கடைமடை. ஒருவருக்குத் திருச்சி மாநகரம், ஒருவருக்குக் காரைக்குடி, ஒருவருக்குக் கடற்கரை முன்னால் நிற்கும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆறில் ஒன்றாகவோ இரண்டாகவோ இருப்பவன் குரல் அவ்வளவுதான் எட்டும்.

இங்கே சிங்கப்பூரிலும் எல்லைகள் மாறுகின்றன. நான் இருக்கும் புக்கிட் பாத்தோக் 2025 தேர்தலில் தனித்தொகுதி என்ற நிலை போய், பல எம்.பி.க்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் ஜூரோங் ஈஸ்ட்-புக்கிட் பாத்தோக் குழுத்தொகுதியில் சேர்ந்தது. ஆனாலும் எம்.பி. நடத்தும் மக்கள் சந்திப்புக்கு நடந்தே போய்விடலாம். ஊரில் எம்.பி.யைப் பார்க்கப் போய்வரவே ஒரு நாள் கூலி போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்? இந்தியாவின் 2002 தொகுதி மறுவரையறைச் சட்டப்படி, கோடு போடும்போது நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி எல்லாவற்றையும் முடிந்தவரை பார்க்க வேண்டும். வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பொதுமக்கள் முன் அமர்வும் நடத்த வேண்டும். அங்கே 'பிரிக்காதீர்கள்' என்று மட்டும் சொன்னால் நிற்காது. மடை எந்த ஊரில், உபரி நீர் வழியும் கலுங்கு எந்த ஊரில், பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ், எந்தச் சந்தை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், உங்களிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருப்பதால் படிவம் 6ஏ வழியாக வெளிநாட்டு வாக்காளராகப் பதியலாம். ஓட்டு மட்டும் நேரில் போய்த்தான் போட வேண்டும்.

உங்கள் ஊரும் தங்கை ஊரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடட்டும். கண்மாய் விவரங்களைத் தங்கையிடம் கேட்டு எனக்கு அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.