ஒரே ஒரு தங்கம்தானே?

கேள்வி: ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கிளாமரை எல்லாக் காலத்துக்குமான பெரிய டவுன்ஹில் (மலைச்சரிவில் அதிவேகமாகக் கீழே இறங்கும்) பனிச்சறுக்கு வீரர் என்கிறார்கள். ஒலிம்பிக்கில் வாங்கியது ஒரே ஒரு தங்கம். 1980-ல் அணியிலேயே இடமில்லை, 1984-ல் பத்தாவது இடம். ஆஸ்திரியாக்காரர்கள் ஊதிப் பெரிதாக்கியதுதானே இது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்று தகவலும் சரி. ஆனால் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் இரண்டு நிமிஷம்கூட ஓடாத ஒரு பந்தயத்தை மட்டும் வைத்து ஒருவரை எடை போட்டால் இப்படித்தான் கணக்கு வரும். நடுவில் இருந்த குளிர்காலங்களை எங்கே விட்டீர்கள்? பனிச்சறுக்கில் உலகக் கோப்பை என்பது குளிர்காலம் முழுக்கப் பல ஊர்களில் நடக்கும் பந்தயத் தொடர். 1974-75 பருவத்தில் அதில் நடந்த டவுன்ஹில் பந்தயங்கள் ஒன்பது. அவர் ஜெயித்தது எட்டு. மிச்சம் ஒன்றும், பிரான்ஸில் மெஜேவ் என்ற ஊரில், பாதியில் காலில் மாட்டிய சறுக்குப் பலகை கழன்றதால் போனது. எல்லாப் பருவமும் சேர்த்து உலகக் கோப்பை டவுன்ஹில்லில் மொத்தம் 25 வெற்றி, ஐந்து முறை அந்தப் பிரிவின் கோப்பை. ஆண்களில் இன்னும் யாரும் இதைத் தாண்டவில்லை.

அந்த 'ஒரே ஒரு' தங்கத்துக்கும் வருவோம். 1976, இன்ஸ்புரூக், சொந்த நாட்டு மலை. சுவிஸ் வீரர் பெர்ன்ஹார்ட் ரூஸி முன்னாலேயே இறங்கி 1 நிமிஷம் 46.06 வினாடி என்று எழுதி வைத்துவிட்டார். கிளாமருக்கு வந்தது 15-ம் எண், அதாவது பதினாலு பேர் சறுக்கிக் கீறிவிட்டுப் போன பாதை. மஞ்சள் உடையில் இறங்குகிறார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், பார்க்கிறவனுக்கு இதோ விழப்போகிறார் என்றுதான் தோன்றும், பாதி வழியில் ரூஸியைவிடப் பின்தங்கியும் இருக்கிறார். அப்புறம் கீழ்ப் பாதியில் எல்லாவற்றையும் பிடித்து 1 நிமிஷம் 45.73. வித்தியாசம் 0.33 வினாடி. நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் அது ஒரு பஸ் நீளம், அவ்வளவுதான்.

1977-ல் அவருடைய தம்பி ஒரு பந்தயத்தில் விழுந்து முடங்கிப்போனார். கிளாமரின் சரிவு அதற்குப் பின்னால் வந்தது. அதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். 1980-ல் நடப்புச் சாம்பியனையே வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்திரிய அணி ஒலிம்பிக் நடந்த அமெரிக்காவின் லேக் பிளாசிட் போனது. சரி, இத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மனிதர் 1981 டிசம்பரில் மறுபடி ஜெயித்தார், 1983-ல் கோப்பையை வாங்கினார், 1984 ஜனவரியில், முப்பது வயதில், ஆஸ்திரியாவின் பேர்பெற்ற கிட்ஸ்பூல் சரிவில் நாலாவது முறையாக முதலில் வந்தார். நீங்கள் குத்திக்காட்டும் அந்தப் பத்தாவது இடம் அதற்கு அடுத்த மாதம் வந்தது.

இன்னொன்று. 1980-ல் தங்கம் வாங்கியது லியோன்ஹார்ட் ஷ்டோக். மாற்று ஆளாகப் போனவர், பயிற்சியில் வேகம் காட்டியதால் உள்ளே வந்தவர், அதுவரை உலகக் கோப்பை டவுன்ஹில் ஒன்றுகூட ஜெயிக்காதவர். பிரமாதமான கதை, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கணக்குப்படி அவரும் கிளாமரும் ஆளுக்கொரு தங்கம், ஆகவே சமம்.

1985-ல் ஓய்வு பெற்ற பிறகு கிளாமர் கார் பந்தயத்துக்குப் போனார். அங்கே ஒலிம்பிக் பதக்கமே கிடையாது, அதையும் கழித்துவிடாதீர்கள்.